சிலுவை அட்டைக்குள் ‘அல்லாஹ்’: இரண்டு மலாய் வேதாகமப் பிரதிகள், ஒரு மதிப்புரை

என் மேசைமீது இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டின் பெயரும் ‘அல்கிதாப்’ என்பதுதான். மலாய் பேசும் கிறிஸ்தவர்கள் வேதாகமத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒன்று, போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தின் கெனிங்காவ் ஊரிலிருந்து என் மருமகள் திருமணத்திற்குப் பின் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பழைய பிரதி. இந்தோனேசியாவில் 1974-இல் வெளிவந்த ‘தெர்ஜெமாஹான் பாரு’, அதாவது ‘புதிய மொழிபெயர்ப்பு’, அதில் இருக்கிறது. மற்றது, சென்ற ஆண்டு தீபகற்ப மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இயங்கும் கிறிஸ்தவப் புத்தகக் கடையில் நான் வாங்கியது. எளிய மலேசிய மலாயில் அமைந்த ‘பெரித்தா பாயிக்’, அதாவது ‘நற்செய்தி’ மொழிபெயர்ப்பு. பேரனின் ஞானஸ்நானத்திற்கு முன்பாக மருமகளோடு சேர்ந்து வாசிக்க எனக்கென ஒரு பிரதி வேண்டும் என்பதற்காகவே அதை வாங்கினேன்.

சமய நூலுக்கு மதிப்புரை எழுதுவது சிலருக்கு முறையற்றதாகத் தோன்றலாம். நான் இங்கே வேதத்தை எடைபோடவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளையும், அதில் மொழிபெயர்ப்பாளர்கள் செய்திருக்கும் வேலையையும் பற்றித்தான் பேசுகிறேன். கீழ்நிலை நீதிமன்றங்களில் மலாய்க்கும் தமிழுக்கும் இடையே பல்லாண்டுகள் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை எளிதாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்றுப் பதற்றம் ஏற்படுவது வழக்கம். மலேசியாவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே ஒரு சொல்லைச் சுற்றி நடந்துவரும் வழக்கு, இந்தப் புத்தகத்தின் அட்டையிலும் உள்ளேயும் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதே எனக்குச் சொல்லத் தகுந்ததாகப் பட்டது.

முதலில் பொருளைப் பற்றி. புதிய பிரதியின் தாள் மெல்லியது. மறுபக்க எழுத்து சற்றுத் தெரிகிறது, ஆனால் வாசிப்பதற்கு இடைஞ்சலாக இல்லை. எழுத்தின் அளவு, அறுபதைக் கடந்த கண்களுக்குப் பகல் வெளிச்சத்தில் போதும், இரவில் போதாது. பழைய பிரதி அதைவிடச் சிறிய எழுத்து, கறுப்பு அட்டை, பக்க ஓரங்களில் மங்கிப்போன சிவப்புச் சாயம். சங்கீதங்கள் தொடங்கும் இடத்தில் தையல் விட்டுப்போய், சங்கீதம் 23-ஐத் திறந்தால் புத்தகம் தானாகவே அங்கே பிளந்து நிற்கும் நிலையில் இருக்கிறது. எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் அது அந்தப் பக்கத்தில் திறக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படுகிறது. பழைய பிரதியில் ‘அல்கிதாப்’ என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. புதிய பிரதியில் பெயருக்குக் கீழே ஒரு சிலுவையும், ‘பெனெர்பித்தான் கிறிஸ்தியான்’ என்ற இரு சொற்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன; ‘கிறிஸ்தவ வெளியீடு’ என்று பொருள். வடிவமைத்தவரின் விருப்பத்தால் அவை அங்கே வரவில்லை. 2011 ஏப்ரலில் அன்றைய கூட்டரசு அரசாங்கம் அறிவித்த பத்து அம்சத் தீர்வின்படி, தீபகற்ப மலேசியாவில் இறக்குமதி செய்யப்படும் அல்லது அச்சிடப்படும் மலாய் வேதாகமங்களின் முகப்பட்டையில் அவை இரண்டும் இருந்தாக வேண்டும். சபா, சரவாக் மாநிலங்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அங்கிருந்து இங்கே பயணம் செய்பவர்கள் தங்கள் வேதாகமத்தைக் கூடவே கொண்டுவருவதற்கும் தடையில்லை என்று அதே தீர்வு சொல்கிறது. ஆகவே என் மருமகளின் புத்தகம் வெறும் அட்டையோடு என் வீட்டில் இருப்பதும், என் புத்தகம் சிலுவையோடு இருப்பதும், இரண்டுமே விதிப்படிதான். ஒரே வீட்டின் ஒரே மேசையில் ஒரே வேதத்திற்கு இரண்டு முகங்கள்.

இந்த அட்டை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை அறியாமல் இதை வாங்குகிறவர்கள், அதை ஓர் அழகு வேலைப்பாடு என்று எண்ணக்கூடும். 1980-களின் தொடக்கத்திலேயே, தேவாலயங்களில் கிறிஸ்தவர்கள் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தவிர மற்றபடி அல்கிதாப் தடைசெய்யப்பட்ட வெளியீடாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருந்தது. 1986 டிசம்பரில் உள்துறை அமைச்சு வெளியிட்ட ஓர் உத்தரவு, அல்லாஹ், கஅபா, பைத்துல்லாஹ் (இறையில்லம்), சோலாத் (தொழுகை) ஆகிய நான்கு சொற்களையும் முஸ்லிம் அல்லாதார் தம் வெளியீடுகளில் பயன்படுத்தக் கூடாது என்றது. பின்னர் 2009-இல் கிள்ளான் துறைமுகத்தில் 5,000 பிரதிகள் தடுத்து வைக்கப்பட்டன. கூச்சிங் துறைமுகத்தில் வந்திறங்கிய 30,000 பிரதிகளும் அவ்வாறே முடங்கிக் கிடந்தன. 2011-இல் அவற்றை விடுவிக்க முன்வந்தபோது, அமைச்சு வரிசை எண்ணும், ‘கிறிஸ்தவர்களின் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்ற எச்சரிக்கையும் கொண்ட முத்திரையைப் பிரதிகள்மீது குத்தியது. திருநூலின்மீது அரசாங்க முத்திரையா என்று தேவாலயங்கள் மனம் நொந்தன. பத்து அம்சத் தீர்வு பிறந்தது அந்தச் சூழலில்தான். சரவாக் சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும்.

தீர்வு வந்த பிறகும் அட்டை புத்தகத்தைக் காப்பாற்றியதா என்றால், எப்போதும் இல்லை. 2014 ஜனவரி 2-ஆம் தேதி சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகா, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து மலாய் மொழியிலும் சரவாக்கின் இபான் மொழியிலும் உள்ள வேதாகமங்கள் 321-ஐ எடுத்துச் சென்றது. கூட்டரசு அமைச்சரவையின் தீர்வு ஒரு பக்கம் இருக்க, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்தும் சிலாங்கூரின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மறுபக்கம் இருந்தது. அல்லாஹ் மட்டுமல்லாமல் இன்ஜில் (நற்செய்தி), நபி (இறைவாக்கினர்), ரசூல் (தூதர்), ஈமான் (நம்பிக்கை), வஹ்யு (வெளிப்பாடு) போன்ற சொற்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் புத்தகத்தைப் புரட்டினால், பழுது சொல்ல முடியாத பக்கம் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். புத்தகத்தின் பெயரே அரபுச் சொல்தானே. எடுத்துச் செல்லப்பட்ட பிரதிகள் அதே ஆண்டு நவம்பரில் சரவாக் தேவாலயங்களின் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

சிலாங்கூரின் மாநில கீதத்திலும் அல்லாஹ் என்ற சொல் வருகிறது. என் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் அதைப் பாடித்தான் வளர்ந்தார்கள்.

புத்தகத்தை வாங்கிய வாரத்தில், எதிர்வீட்டு ஹாஜி வழக்கம்போல் மாலையில் வந்து உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அண்டை வீட்டுப் பழக்கம் எங்களுடையது. மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்ததும், “சிலுவை போட்டிருக்கிறதே, பிறகென்ன குழப்பம்?” என்று கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார்: “உங்கள் தமிழ்ப் பூசையில் என்ன சொல்வீர்கள்?” நான் “கடவுள், ஆண்டவர்” என்றேன். “அப்படியானால் மலாயில் துஹான் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எதற்கு அல்லாஹ்?” என்றார். கேள்வியில் வம்பு இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பதிலை விளக்கப் புத்தகத்தைத் திறந்து காட்ட என் கை நீண்டது. ஆனால் முஸ்லிம் ஒருவரிடம் வேற்றுச் சமய நூலைக் கொடுப்பது பற்றி அந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது நினைவுக்கு வரவே, நீதிமன்றத்தில் காலம் கழித்தவனின் கை தானாகப் பின்வாங்கிப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தது. அவரும் அதைக் கவனித்தார். தேநீரைப் பற்றிப் பேச்சை மாற்றினார். அன்று அவரிடம் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய பிரதியில் யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துத் தோமா சொல்லும் வாசகம், ‘யா துஹான்கு டான் அல்லாஹ்கு’ என்றிருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கப் பதிப்பில் அதுவே, ‘நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!’ என்றும், பழைய புராட்டஸ்டண்ட் பதிப்பில், ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்றும் வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு சொற்கள், தமிழில் இரண்டு, மலாயிலும் இரண்டு. ஹாஜி சொன்னபடி அல்லாஹ்வை எடுத்துவிட்டுத் துஹானைப் போட்டால் தோமா, ‘என் ஆண்டவரே, என் ஆண்டவரே’ என்று இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டு நின்றுவிடுகிறார். இயேசுவை ஒரு சீடன் வெளிப்படையாகக் கடவுள் என்று அழைக்கும் அந்த இடமே வாக்கியத்திலிருந்து காணாமற் போகிறது.

எபிரேய வேதத்திற்கு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே கடவுளைக் குறிக்கும் பொதுச்சொல் ஒன்று. யூதர்கள் வாயால் உச்சரிக்காத திருப்பெயர் ஒன்று. மலாய் மொழிபெயர்ப்பாளர்கள் பொதுச்சொல்லுக்கு அல்லாஹ் என்றும், திருப்பெயருக்கு எல்லாமே பெரிய எழுத்தாக அமைந்த துஹான் என்றும், தலைவர் அல்லது ஆண்டவர் என்ற பொருளுக்கு முதலெழுத்து மட்டும் பெரியதாக அமைந்த துஹான் என்றும் வகுத்துக்கொண்டார்கள். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் இரண்டும் சேர்ந்து ‘துஹான் அல்லாஹ்’ என்று வருவதை, தமிழில் ‘தேவனாகிய கர்த்தர்’ என்று நாம் வாசிக்கிறோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமை தமிழில் இல்லாததால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் தேவன், கர்த்தர், ஆண்டவர் என்று மூன்று தனிச் சொற்களைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது; அது பின்னால் பெரிய நன்மையாக முடிந்தது. மலாயில் அந்த வேற்றுமை கண்ணுக்கு மட்டுமே தெரியும். பீடத்திலிருந்து ஒருவர் வாசிக்க மக்கள் காதால் கேட்கும்போது இரண்டு துஹானும் ஒன்றுதான். அப்படிக் கேட்கிறவர்களுக்குத் துணையாக நிற்பது அல்லாஹ் என்ற தனித்த ஒலி.

சந்தேகம் தீர, இரண்டு பக்கங்களை நகலெடுத்து, பென்சிலால் அல்லாஹ் வந்த இடமெல்லாம் அடித்துவிட்டுத் துஹான் என்று எழுதிப் பார்த்தேன். ஆதியாகமத்தில் ‘துஹான் துஹான்’ என்று இரட்டைக்கிளவி போல ஆகிவிட்டது. ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ‘நம் தந்தையாகிய கடவுளிடமிருந்தும் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவிடமிருந்தும்’ என்று பொருள்படும் வாழ்த்துரையில், தந்தைக்கும் துஹான், இயேசுவுக்கும் துஹான் என்றாகி யார் யார் என்பது கலங்கிப்போனது. மருமகள் அந்தத் தாளை வாங்கி ஓசையாக வாசித்துவிட்டு, “மாமா, இது எங்கள் ஊர்ச் செபம் மாதிரியே இல்லை, பாடம் தெரியாத பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது” என்றாள். அவள் சிறுவயதிலிருந்து ‘அல்லாஹ் பாப்பா’ என்று தந்தையாகிய கடவுளைக் கூப்பிட்டு வளர்ந்தவள். சபாவில் பள்ளிமொழி மலாய். சபாவின் பூர்வகுடிகளான கடாசான் மக்களின் வீடுகளிலும் இப்போது பிள்ளைகளோடு பேசும் மொழி பெரும்பாலும் மலாய். நாட்டின் தேசிய மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்த பிறகு, அந்த மொழியில் செபிக்கும்போது மட்டும் ஒரு சொல்லை விட்டுவிடுங்கள் என்பது அவளுக்கு விளங்காத நிபந்தனை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஹாஜியின் பக்கத்து நியாயத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தச் சச்சரவின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவை மலாயில் சொல்லும்போது முஸ்லிம்கள், ‘தியாடா துஹான் செலாயின் அல்லாஹ்’ என்கிறார்கள்; அல்லாஹ்வைத் தவிர வேறு துஹான் இல்லை என்பது பொருள். அவர்களுக்குத் துஹான் என்பது பொதுப்பெயர். அல்லாஹ் என்பது ஒருவனுக்கே உரிய தனிப்பெயர். என் கையில் இருக்கும் வேதாகமத்திலோ அல்லாஹ் பொதுப்பெயர். துஹான், அதுவும் முழுவதும் பெரிய எழுத்தில் வரும்போது, தனிப்பெயரின் இடத்தில் நிற்கிறது. ஒரே மொழி, ஒரே இரண்டு சொற்கள், ஆனால் வேலை தலைகீழாக மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் அண்ணனுக்கு வைத்த பெயரைப் பக்கத்து வீட்டில் ‘பிள்ளை’ என்ற பொதுச்சொல்லாக வழங்கினால், இரண்டு வீட்டாரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் தெருவில் கூப்பிடும்போது குழப்பம் வரத்தானே செய்யும்.

பொதுப்பெயராக இருப்பதால்தான் பழைய பிரதியில் அது உடைமை விகுதி ஏற்கிறது: அல்லாஹ்கு, அல்லாஹ்மு, ‘என் கடவுள்’, ‘உன் கடவுள்’. தனிப்பெயர் என்று எண்ணும் காதுக்கு இதுவே விசித்திரமாக இருக்கும். இதைவிடக் கடினமானது, பத்துக் கட்டளைகளின் முதற்கட்டளையில் ‘வேறு தெய்வங்கள்’ என்ற இடத்தில் ‘அல்லாஹ் லாயின்’ என்று சிறிய எழுத்தில் வருவது. எபிரேயத்திலும் அங்கே அதே பொதுச்சொல்தான் இருக்கிறது என்பதால் மொழிபெயர்ப்பாளரின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்த்தெய்வங்களுக்கு அந்தச் சொல்லைச் சிறிய எழுத்தில் கொடுத்திருப்பதை ஹாஜி பார்த்திருந்தால் அவருடைய முகம் எப்படி மாறியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடி வைத்ததற்குச் சட்டம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ‘அனாக் அல்லாஹ்’, கடவுளின் மகன், என்ற தொடரும் அவ்வாறே. இறைவன் யாரையும் பெறவும் இல்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்று நாள்தோறும் ஓதுகிறவருக்கு அது இரண்டு சொற்களின் சேர்க்கையாக மட்டும் கேட்காது. இவற்றைப் புறக்கணித்துவிட்டு, அரபுக் கிறிஸ்தவர்களும் அல்லாஹ் என்றுதான் சொல்கிறார்கள் என்று மட்டும் வாதிடுவது பாதி பதில்தான். அது உண்மை, அரபு வேதாகமத்தின் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே என்று யூதர், கிறிஸ்தவர் ஆகிய வேதக்காரர்களிடம் கூறும்படி குர்ஆனின் 29-ஆம் அத்தியாயமே சொல்கிறது. ஆனால் அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கு உள்ள பழக்கம் வேறு. மலாய் என்றாலே முஸ்லிம் என்று அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு வரையறுத்திருக்கும் நாட்டில் மலாய் மொழியில் அதற்கு உள்ள கனம் வேறு.

கனம் வேறு என்பதற்காக இது நேற்று எடுத்துக்கொண்ட சொல் என்று எண்ணிவிடக் கூடாது. டச்சு வணிகரான ஆல்பர்ட் கோர்னெலிஸ் ருயில் 1612-இல் மலாயில் மொழிபெயர்த்து, 1629-இல் அச்சான மத்தேயு நற்செய்தியிலேயே அல்லாஹ் இருக்கிறது. முழு வேதாகமம் லெய்டெக்கரின் மொழிபெயர்ப்பாக 1733-இல் வந்தது, அதிலும் அதுவே. மலேசியா என்ற நாடும், உள்துறை அமைச்சும், அச்சக வெளியீட்டுச் சட்டமும் பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே அந்தச் சொல் அச்சில் ஏறிவிட்டது.

தமிழில் இந்தச் சண்டை வரவில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் அல்லாஹ் என்பதைத் தனிப்பெயராக வைத்துக்கொண்டு, பொதுப்பெயருக்கு இறைவன், நாயன், ஆண்டவன் என்று தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள்; கிறிஸ்தவர்களுக்கு அல்லாஹ் தேவைப்படவே இல்லை. நம்மிடம் நடந்த சண்டை வேறு திசையில். சைவர்களின் சர்வேசுவரனை ‘சர்வேசுரன்’ என்று எடுத்துக்கொண்டது ஒரு காலம். வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871-இன் ஐக்கியப் பதிப்பு ‘தேவன்’ என்றது. வானோர் பலரையும் குறிக்கும் தேவன் என்ற சொல் எப்படி ஒரே கடவுளைக் குறிக்கும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். பின்னர் கத்தோலிக்கர் ‘கடவுள்’ என்பதற்கு வந்தார்கள். கிறிஸ்தவப் புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பழைய வேதத்தமிழை மாற்றக் கூடாது என்று எழுதியும் வாதாடியும் நின்றார். வழக்கமான சொல்லைப் பிடுங்கினால் செபமே பிடுங்கப்பட்டதாக ஒருவருக்குத் தோன்றும் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

வழக்குமன்றத்திலும் தமிழுக்குச் சம்பந்தம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோலாலம்பூர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ‘ஹெரால்ட்’ வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிப் பகுதிகளோடு வெளிவந்தது. என் வீட்டிற்கும் தமிழ்ப் பக்கங்களுக்காகவே வந்தது. வழக்கு எழுந்தது மலாய்ப் பகுதியில் வந்த ஒரு சொல்லுக்காக. 2009 டிசம்பர் 31-ஆம் தேதி உயர்நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான், அமைச்சின் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அடுத்த சில நாள்களில் கோலாலம்பூரின் மெட்ரோ டேபர்னக்கிள் தேவாலயம் தீவைக்கப்பட்டது. 2013 அக்டோபர் 14-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அல்லாஹ் என்ற சொல் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் நடைமுறைக்கும் இன்றியமையாத பகுதி அன்று என்பது அதன் நிலைப்பாடு. 2014 ஜூன் 23-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மேலும் முறையிட அனுமதி மறுத்தது. தீர்ப்பு அந்த இதழுக்கு மட்டுமே பொருந்தும், தேவாலயங்களில் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் பின்னர் விளக்கியது. சமய நம்பிக்கைக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தார் அல்லாமல் நீதிமன்றம் தீர்மானிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிட, வாக்கியத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ததுதான் மொழிபெயர்ப்பாளனாக என்னை உறுத்துவது.

இன்னொரு வழக்கு அதைவிட மெதுவாக நகர்ந்தது. சரவாக்கைச் சேர்ந்த மெலனாவ் இனப் பெண் ஒருவர், இந்தோனேசியாவிலிருந்து தம் சொந்தப் பயன்பாட்டிற்காகக் கொண்டுவந்த எட்டு குறுந்தட்டுகளை 2008 மே மாதம் விமான நிலையத்தில் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். தலைப்புகளில் அல்லாஹ் என்ற சொல் இருந்தது. ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச் 10-ஆம் தேதி, நீதிபதி நோர் பீ அரிஃபின், 1986-இன் உத்தரவு சட்டத்திற்குப் புறம்பானது, அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தார். அரசாங்கம் முதலில் மேல்முறையீடு செய்து, 2023-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாநிலங்களின் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஆகவே என் புத்தகத்தின் அட்டையில் சிலுவையும் அப்படியே இருக்கிறது.

இனி வாங்குவோருக்கு. மலேசிய மலாய்க்குப் பழகியவர்கள் ‘பெரித்தா பாயிக்’ வாங்குவதே நல்லது. வாக்கியங்கள் சிறியவை, எழுத்துக்கூட்டல் நம் பள்ளிப் பாடத்தில் படித்ததுபோலவே இருக்கிறது, ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாகும் இளம் பெற்றோருக்கும், பிறமொழிக்காரர்களான என்னைப் போன்றவர்களுக்கும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: சங்கீதங்களில் இசை குறைந்துவிட்டது, நிருபங்களின் நீண்ட வாதங்கள் துண்டுகளாகிவிட்டன. ‘தெர்ஜெமாஹான் பாரு’ இந்தோனேசிய நடையில் இருப்பதால் ‘கெரானா’ என்று நாம் எழுதுவது அங்கே ‘காரெனா’ என்றும், ‘கிறிஸ்தியான்’ என்பது ‘கிறிஸ்தென்’ என்றும் இருக்கும். முதல் வாரம் இடறும், பிறகு பழகிவிடும். ஓசைக்காகவும் மூலத்தோடு ஒட்டிய தன்மைக்காகவும் நான் அதையே கூடுதலாக விரும்புகிறேன். சபாவின் தேவாலயங்களில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடமாக இருப்பதும் அதன் வாசகங்கள்தான்.

புதிய பிரதியில் நான் கண்ட பெரிய குறை தாளோ எழுத்தோ அல்ல. முன்பக்கங்களில், அல்லாஹ், துஹான் என்ற இரண்டு சொற்களையும் மொழிபெயர்ப்பாளர்கள் எந்தப் பொருளில், எந்த மூலச்சொல்லுக்கு நிகராகக் கையாண்டார்கள் என்று ஒரு பக்க விளக்கம் இல்லை. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட வாசகர் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அட்டையில் உள்ள சிலுவை, இது யாருடைய புத்தகம் என்பதைச் சொல்கிறது. யார் வாசிக்க வேண்டாம் என்பதையும் மறைமுகமாகச் சொல்கிறது. உள்ளே உள்ள சொல் என்ன பொருளில் நிற்கிறது என்பதை அது சொல்லவில்லை. அரசாங்கம் அட்டையில் இரண்டு சொற்களைக் கேட்டது. வெளியிடுவோர் அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு பக்கத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்தால், நாற்பது வெள்ளிக்கும் (மலேசிய ரிங்கிட்) குறைவாக நான் கொடுத்த விலைக்கு மேல் இன்னும் ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கவும் எனக்குத் தயக்கமில்லை.

பழைய பிரதியைச் சென்ற மாதம் கட்டடம் செய்யக் கொடுத்தோம். தையல் முழுவதையும் பிரித்து, புதிய கறுப்பு அட்டை போட்டுத் தர வேண்டும் என்று பேசி முடித்தபோது, கட்டுகிறவர் கடையில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய வழக்கத்தில், “அட்டையில் சிலுவையும் அந்த இரண்டு வார்த்தையும் போட்டுவிடவா?” என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். விதி இறக்குமதிக்கும் அச்சுக்கும்தான், கட்டடத்திற்கு இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே, “வேண்டாம் அண்ணே. முன்பு இருந்த மாதிரியே பெயர் மட்டும் போதும்” என்றாள். அடுத்த வாரம் வாங்கி வந்தோம். சங்கீதம் 23-இல் இப்போது புத்தகம் தானாகத் திறப்பதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.